எம்டன் பகல்ல வரல

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், டாக்குமெண்டரில வர்ற பழைய காட்சிக்கு கீழ என்ன பேர் போட்டிருக்காங்களோ அதை அப்படியே நம்பாதீங்கன்னு. அதுக்கு வந்த கேள்வியே இந்த மாசம் பக்கத்தை அடைச்சிடுச்சு, அதனால பழைய பாட்டு பத்தி கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. டாக்குமெண்டரிக்காரங்களுக்கு பழைய ஃபுட்டேஜ் தேடிக் குடுக்கறதுதான் எனக்கு சோறு போடற தொழில், அதனால இந்தத் தடவை கொஞ்சம் நீளமாவே பேசிடறேன், எடிட்டர் கோவிச்சுக்கக் கூடாது.

கேள்வி: சென்னை பத்தின ஒரு டாக்குமெண்டரி பார்த்தேன் சார். 1914-ல எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டதுன்னு சொல்லி பீரங்கி சுடறது, கரையில புகை கிளம்பறதுன்னு காட்டறாங்க. வீட்ல எல்லாரும் நிஜம்னு வாயைப் பொளந்து பார்த்தாங்க. எனக்கு ஏதோ இடிக்குது. அந்த கிளிப் எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?
- கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

பதில்: இடிக்குதுன்னு தோணிச்சு பாருங்க, அங்கயே பாதி வேலை முடிஞ்சுது. நீங்க அனுப்பின லிங்க்கை நானும் பார்த்தேன், மூணே ஷாட், மொத்தம் பதினோரு செகண்ட். கப்பல் மேல பீரங்கி திரும்புது, அடுத்தது மாலுமிங்க குண்டை கைமாத்தி கைமாத்தி குடுக்கறாங்க, மூணாவது கரையில புகை. இப்ப ரெண்டாவது ஷாட்டை நிறுத்திட்டு மாலுமிங்க முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க. நிழல் குட்டையா காலடியிலயே விழுது. அதாவது உச்சி வெயில் நேரம்.

எம்டன் மெட்ராஸ்க்கு வந்தது 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல. சர்ச்லைட் அடிச்சு ஹார்பர் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி டேங்கைக் குறி வச்சு சுட்டாங்க, எண்ணெய் பத்திக்கிட்டு எரிஞ்சுது, எதிர்த்து சுடறதுக்குள்ள விளக்கை அணைச்சுட்டு இருட்டுல போயிட்டாங்க. அன்னிக்கு இருந்த சினிமா பிலிம் வெளிச்சத்துக்கு ரொம்ப மந்தம், ஸ்டுடியோவுக்கே கண்ணாடிக் கூரை போட்டு வெயில்ல எடுத்த காலம் அது, ராத்திரில ஆடற கப்பல் மேல நின்னு படம் எடுத்தாங்கன்னா நடக்கற காரியமா சொல்லுங்க. இன்னொண்ணு, கேமரா எங்க நிக்குதுன்னு பாருங்க. ஒரு ஷாட்ல சுடற கப்பல் மேல நிக்குது, அடுத்த ஷாட்ல குண்டு விழற கரையில நிக்குது. சண்டையில ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஒருத்தர் இருக்காருன்னா ஒண்ணு அவரு கடவுளா இருக்கணும், இல்ல சினிமா டைரக்டரா இருக்கணும்.

சினிமா டைரக்டர்தான்னு வச்சுக்கிட்டா தேடற இடம் சட்டுனு சுருங்கிடும். எம்டன் கதையை ஜெர்மனியில 1926-ல லூயிஸ் ரால்ஃப் மௌனப் படமா எடுத்தாரு, பேரு "உன்சேரே எம்டன்", "நம்ம எம்டன்"னு அர்த்தம். அந்தப் படத்தை ஆஸ்திரேலியாவுக்கு கொண்டு போனாங்க, ஏன்னா எம்டனை 1914 நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகிட்ட அடிச்சு நொறுக்குனது அவங்க கப்பல் சிட்னி. அங்க கென் ஜி. ஹால்ங்கறவரு அவங்க நேவியோட உதவியில புதுசா சில காட்சிகளை எடுத்து நடுவுல ஒட்டி 1928-ல வேற பேர்ல வெளியிட்டாரு. அதனால ஒரே ஷாட் ரெண்டு படத்துலயும் இருக்கும், சிலது ஒண்ணுல மட்டும் இருக்கும். எம்டன்னு பேர் போட்டு சுத்தற காட்சி எதுவா இருந்தாலும் நான் மொதல்ல இந்த ரெண்டோடதான் வச்சுப் பார்ப்பேன்.

எப்படி வச்சுப் பார்க்கறதுன்னா, யூடியூப்ல நிறுத்திட்டு கீபோர்டுல கமாவையும் புள்ளியையும் தட்டினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மொத ஃப்ரேம், நடு ஃப்ரேம், கடைசி ஃப்ரேம்னு மூணு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அதையே இடம் வலம் திருப்பி இன்னொரு செட் வச்சுக்கங்க, நிறைய எடிட்டருங்க காட்சி ஓட்டத்துக்காக ஃபிளிப் பண்ணிடுவாங்க, அப்ப இமேஜ் சர்ச்சுல ஒண்ணுமே மாட்டாது. பழைய படம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், அதை இப்ப அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டியிருப்பாங்க, அதனால தலை பாதி போயிருந்தா ஒரிஜினல்ல இன்னும் படம் பாக்கி இருக்குன்னு அர்த்தம். இது எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்ச அடையாளம் கீறல்தான். பிரிண்ட்ல விழுந்த கீறல், அழுக்குப் பொட்டு, ஒரு மூலையில ஈ மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கற தூசி, இதெல்லாம் காப்பி எடுத்தா காப்பிலயும் சேர்ந்தே வரும். ரெண்டு இடத்துல ஒரே ஃப்ரேம்ல ஒரே பொட்டு இருந்தா ரெண்டும் ஒரே பிரிண்ட் வழியா வந்ததுதான், அதுல வாக்குவாதமே வேண்டாம்.

நம்ம ஊர்ல இன்னமும் கில்லாடியான ஆளை "சரியான எம்டன்டா அவன்"னுதான் சொல்றோம். அந்தப் பேர் வாங்கிக் குடுத்தது ராத்திரி வந்து அடிச்சுட்டு ஓடினதுதான், அவனைப் போய் பட்டப்பகல்ல காட்டறாங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: ரஷ்யப் புரட்சி டாக்குமெண்டரில ஜனங்க அரண்மனை கேட் மேல ஏறி உள்ள பாயற காட்சி ஒண்ணு எப்பவும் வருதே, அதுவாவது நிஜமா?
- ஆர்.எம்., சேலம்

பதில்: இல்ல. அது ஐசன்ஸ்டைன் 1928-ல வெளியிட்ட "அக்டோபர்" படம், புரட்சியோட பத்தாம் ஆண்டுக்காக அரசாங்கமே எடுக்கச் சொன்னது. 1917-ல குளிர்கால அரண்மனையைப் பிடிச்சதும் ராத்திரிலதான், அதை யாரும் சினிமா எடுக்கல. இதே மாதிரி முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க பதுங்குகுழிலேருந்து மேல ஏற, ஒருத்தர் ஏறும்போதே சரிஞ்சு விழுவாரே, அது 1916-ல வந்த "பேட்டில் ஆஃப் தி சோம்" படத்துல உள்ளது. அந்தப் படத்துல பெரும்பகுதி நிஜமா போர்முனையில எடுத்தது, ஆனா அந்த ஏறற காட்சி மட்டும் போர்முனைக்குப் பின்னாடி பயிற்சி நடக்கற இடத்துல ஜோடிச்சு எடுத்தது. தலைவலி என்னன்னா நிஜமும் ஜோடிச்சதும் ஒரே ரீல்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதனால படத்தோட பேரைக் கண்டுபிடிச்சுட்டோம்னு கையைக் கழுவ முடியாது, ஒவ்வொரு ஷாட்டா பார்க்கணும்.

கேள்வி: எங்க தாத்தா ஏ.கே. செட்டியார் எடுத்த காந்தி படத்தை கொட்டகையில பார்த்திருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப டிவில காட்டற காந்தி காட்சியெல்லாம் அந்தப் படத்துலேருந்து வந்ததா?
- வாசகி, காரைக்குடி

பதில்: உங்க தாத்தா பார்த்தது சாதாரண படம் இல்லம்மா. இந்தத் தொழில்ல நமக்கெல்லாம் மூத்த ஆளு யாருன்னு கேட்டா நான் உங்க ஊர் பக்கத்து கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார் பேரைத்தான் சொல்வேன்.

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்னிக்கு, நியூயார்க்லேருந்து அயர்லாந்து போற கப்பல்ல உக்காந்திருக்கும்போது அவருக்கு இந்த யோசனை வந்துச்சு. அப்ப அவருக்கு வயசு இருபத்தஞ்சு, இருபத்தாறுதான். புதுசா காந்தியை எடுக்கறது மட்டும் இல்ல திட்டம், அதுவரைக்கும் உலகத்துல யார் யாரெல்லாம் காந்தியை சினிமா எடுத்தாங்களோ அத்தனை பேரையும் தேடிப் பிடிச்சு அந்தத் துண்டையெல்லாம் ஒண்ணு சேர்க்கறதுதான் திட்டம். இன்டர்நெட் இல்ல, கேட்லாக் இல்ல, ஒரு ஊர்ல கேட்டா இன்னொரு ஊரைக் கைகாட்டுவாங்க, கப்பல் ஏறிப் போகணும், நடுவுல உலகப்போர் வேற வந்துடுச்சு. ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுத்தி, முப்பது வருஷத்துல நூறு கேமராமேன் எடுத்ததுன்னு சொல்ற 50,000 அடி பிலிமை சேர்த்தாரு. கணக்குப் போட்டுப் பாருங்க, 35 எம்எம் பிலிம் பேசும்பட வேகத்துல நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், 50,000 அடின்னா ஒன்பது மணி நேரத்துக்கு மேல வரும். அதுலேருந்து 12,000 அடியா வெட்டி 1940 ஆகஸ்ட்ல தமிழ்ல வெளியிட்டாரு, அதுவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல. தேடின கதையை அவரே எழுதியிருக்காரு, "அண்ணல் அடிச்சுவட்டில்"னு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பிச்ச புத்தகமா கிடைக்குது, வாங்கிப் படிங்க, கிளிப் தேடறவன் படற பாடு அத்தனையும் அதுல இருக்கு.

வயித்தெரிச்சல் என்னன்னா உலகம் பூரா சிதறிக் கிடந்ததைச் சேர்த்தவரோட படமே அப்புறம் காணாமப் போச்சு. பல வருஷம் கழிச்சு அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டியில சுருக்கின ஆங்கில வடிவம் ஒண்ணு கிடைச்சுது, அவ்வளவுதான். அதனால இப்ப டிவில வர்ற காந்தி காட்சி செட்டியார் படத்துலேருந்து நேரா வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பெரும்பாலும் விட்டல்பாய் ஜவேரி 1968-ல அரசாங்கத்தோட டாக்குமெண்டரி நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனோட சேர்ந்து முடிச்ச அஞ்சு மணி நேரப் படம் இருக்கு பாருங்க, 33 ரீல், அதுலேருந்துதான் எல்லாரும் அள்ளறாங்க. அப்படி அள்ளிட்டு கடைசியில "நன்றி: பிலிம்ஸ் டிவிஷன்"னு போடுவாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அது ஊத்து இல்ல, வாய்க்கால். கேமராவைப் பிடிச்சது யாரோ ஒரு நியூஸ்ரீல், அதாவது செய்திப்படம் எடுக்கற ஆளு, அதை ஜவேரி வாங்கினாரு, அதை டிவிக்காரங்க எடுத்தாங்க, அதை யாரோ டேப்புல பதிஞ்சு யூடியூப்ல ஏத்தினாங்க. நாலு கை மாறி நம்ம கைக்கு வருது.

சத்தத்தையும் கொஞ்சம் கவனிங்க. தண்டி யாத்திரை 1930. அதுல நீங்க பார்க்கறதெல்லாம் ஊமைப்படமா எடுத்தது, காலடி சத்தம், ஜே கோஷம் எல்லாம் பின்னாடி யாரோ ஸ்டுடியோவுல சேர்த்தது. காந்தி வாயசைவும் குரலும் ஒண்ணா வர்ற பழைய காட்சின்னா 1931-ல குஜராத்ல போர்சாத்ல ஃபாக்ஸ் மூவிடோன் எடுத்த பேட்டி, அதுல நிஜமாவே அவரு பேசறாரு. அதே வருஷம் லண்டன்ல கொலம்பியா கம்பெனிக்காக கடவுள் பத்தி அவரு படிச்சது கிராமபோன் தட்டா வந்துச்சு, அதுல படமே கிடையாது, வெறும் குரல். அந்தக் குரலை எடுத்து அவரு ராட்டை சுத்தற காட்சி மேல போட்டுடறாங்க, பார்க்கறவங்க ரெண்டும் ஒரே நாள்ல நடந்ததுன்னு நினைச்சுக்கறாங்க.

தண்டி காட்சியில அவரு ஓட்டமும் நடையுமா போவாரே, அதுலயும் விஷயம் இருக்கு. மௌனப்படக் கேமரா செகண்டுக்கு 16, 18 ஃப்ரேம்னுதான் பெரும்பாலும் ஓடும், அதைப் பேசும்பட வேகமான 24-ல ஓட்டினா ஒண்ணரை மடங்கு வேகமாயிடும். காந்தி வேகமா நடக்கற ஆளுதான், அதுக்காக இவ்வளவா? பக்கத்துல போறவங்க வேட்டி ஆடற வேகத்தைப் பாருங்க, துணி பொய் சொல்லாது.

கேள்வி: 1947 ஆகஸ்ட் 15 காட்சிக்கு "பிலிம்ஸ் டிவிஷன், 1947"னு போட்டிருந்தாங்க. நம்பலாமா?
- கே., திருநெல்வேலி

பதில்: காட்சி நிஜமா இருக்கலாம், அந்தச் சீட்டு சரியில்ல. பிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பிச்சதே 1948-ல. அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ்காரங்க போர்ப் பிரசாரத்துக்காக நடத்தின இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியாவையும் இந்தியன் நியூஸ் பரேடையும் 1946-லயே மூடிட்டாங்க. அதாவது நாடு சுதந்திரம் வாங்கின அன்னிக்கு அதைப் படம் எடுக்க அரசாங்கத்துகிட்ட சொந்தமா ஒரு சினிமா யூனிட் இல்ல, இந்தக் கூத்தை எங்க போய் சொல்ல. எடுத்தது தனியார் கேமராமேன்களும் வெளிநாட்டு நியூஸ்ரீல்காரங்களும்தான். பிலிம்ஸ் டிவிஷன் கையில இருந்தது பின்னாடி வந்து சேர்ந்தது. அதனால பிரிட்டிஷ் பாத்தே, மூவிடோன்னு அந்த நியூஸ்ரீல் கம்பெனிங்க பக்கமும் போய்த் தேடுங்க. பாத்தே 2014-ல தன்கிட்ட இருந்த 85,000 படத்தை யூடியூப்ல ஏத்தி விட்டுடுச்சு, மூவிடோன் தொகுப்பும் அடுத்த வருஷமே வந்துடுச்சு, வீட்ல உக்காந்துகிட்டே பார்க்கலாம்.

கேள்வி: எங்க ஊர் மில்லு பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுத்துக்கிட்டு இருக்கேன் அண்ணே. பழைய காட்சி நெட்ல நிறைய கிடைக்குது. டவுன்லோட் பண்ணிப் போட்டுக்கலாமா, யார்கிட்டயாவது கேட்கணுமா? காசு எவ்வளவு ஆகும்?
- இளம் இயக்குநர், கோவை

பதில்: தம்பி, மொதல்ல நான் பட்ட அவமானத்தைக் கேளுங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு படத்துக்காக பழைய மெட்ராஸ் தெருக்காட்சி வேணும்னாங்க. பழைய ஃபுட்டேஜ் விக்கற ஒரு வெளிநாட்டு ஸ்டாக் கம்பெனிகிட்ட "மெட்ராஸ், 1930கள்"னு தலைப்போட இருபது செகண்ட் கிடைச்சுது, ட்ராம் போகுது, குடை பிடிச்சுக்கிட்டு ஆளுங்க போறாங்க, அருமையான காட்சி. மெட்ராஸ்ல 1953 வரைக்கும் ட்ராம் ஓடினது எல்லாருக்கும் தெரியும், அதனால கண்ணை மூடிக்கிட்டு காசு கட்டி வாங்கிட்டோம். படம் முடிஞ்சு போட்டுக் காட்டும்போது பின்வரிசையில ஒரு பெரியவர் எழுந்து "அந்தக் கடை போர்டு என்ன மொழி?"ன்னாரு. போர்டு மங்கலா, எழுத்து தலைகீழ் மாதிரி இருந்ததால நாங்க யாரும் அதைப் படிக்கவே முயற்சி பண்ணல. ராத்திரி ஆபீஸ் போய் ஃப்ரேமை இடம் வலம் திருப்பிப் பார்த்தா பெங்காலி எழுத்து பளிச்சுனு நிக்குது. கல்கத்தா. ஃபிளிப் ஆனதை நாங்களும் கவனிக்கல, வித்தவனும் கவனிக்கல. அதுலேருந்து எனக்கு ஒரு பழக்கம், எந்த கிளிப் வந்தாலும் மொதல்ல மனுஷங்களைப் பார்க்க மாட்டேன், போர்டு, வண்டி நம்பர் பிளேட்டு, சட்டை பட்டன் எந்தப் பக்கம், எந்தக் கையால சாப்பிடறாங்க, இதைத்தான் பார்ப்பேன்.

எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. இந்தியாவுல எடுத்து இன்னிக்கும் மிஞ்சியிருக்கறதுல ரொம்பப் பழசுன்னு பிஎஃப்ஐ, அதாவது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் சொல்ற 1899-ஆம் வருஷப் படத்தோட பேரே "பனோரமா ஆஃப் கல்கத்தா". படகுல உக்காந்து படித்துறையை எடுத்த ஒரே நீள ஷாட். பார்த்தீங்கன்னா அது கல்கத்தாவே இல்ல, காசி. அன்னிக்கு லண்டன்ல பிலிம் வித்தவங்களுக்கு கங்கைக்கரையில எது எந்த ஊர்னு என்ன கவலை.

சரி உங்க கேள்விக்கு வர்றேன். உரிமை வேற, பிரிண்ட் வேற, இதை மனசுல போட்டுக்கங்க. நம்ம சட்டப்படி சினிமாப் படத்துக்கு காப்புரிமை வெளியான வருஷம் முடிஞ்சதுலேருந்து 60 வருஷம். 1960-ல வந்த படம்னா 2020 கடைசியோட முடிஞ்சுது. ஆனா அதுல ஒரு பாட்டு வருதுன்னா பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் தனிக் கணக்கு, அவங்க காலத்துக்கு அப்புறம் 60 வருஷம், அது வேற தலைவலி. உரிமை முடிஞ்ச படமாவே இருந்தாலும் நல்ல பிரிண்ட் ஒரு ஆர்கைவ்ல இருந்தா, அதை எடுத்து ஸ்கேன் பண்ணிக் குடுக்க அவங்க காசு கேட்பாங்க, அது நியாயம்தான், பெட்டியை அம்பது வருஷம் ஏசில வச்சுக் காப்பாத்தினது அவங்கதானே.

உரிமை இருக்கற ஃபுட்டேஜ்க்கு செகண்ட் கணக்கு, இல்லேன்னா நிமிஷக் கணக்கு. நீங்க போடறது பத்து செகண்டா இருந்தாலும் சில இடத்துல மினிமம்னு ஒண்ணு வச்சு அதுக்குத்தான் பில் போடுவாங்க. எந்த நாட்ல காட்டப் போறீங்க, டிவியா ஓடிடியா ஃபெஸ்டிவல் மட்டுமா, எத்தனை வருஷத்துக்குன்னு கேட்டு அதுக்குத் தகுந்த மாதிரி ரேட் ஏறும். முதல்ல ஸ்க்ரீனர் கேளுங்க, லோகோவும் டைம்கோடும் மேலேயே ஓடற மாதிரி மங்கலா ஒண்ணு குடுப்பாங்க, அதை வச்சு எடிட் பண்ணுங்க, எடிட் முடிஞ்சு படம் லாக் ஆன அப்புறம் உபயோகிச்ச செகண்டுக்கு மட்டும் காசு கட்டி நல்ல காப்பி வாங்குங்க. ஆரம்பத்துலேருந்தே ஒரு எக்ஸல் ஷீட் போட்டு, உங்க டைம்லைன்ல எங்க வருது, எங்க கிடைச்சுது, அங்க என்ன பேர் போட்டிருந்தாங்க, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க, இது நாலையும் அன்னன்னிக்கே எழுதிடுங்க. நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டா செத்தீங்க. எடிட்டர் "க்ளிப்_ஃபைனல்_2"ன்னு பேர் மாத்தி வச்சிருப்பாரு, ஆறு மாசம் கழிச்சு அதோட அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது.

மில்லு காட்சின்னீங்க இல்ல, "கலோனியல் ஃபிலிம்"னு பிரிட்டன்ல ஒரு கேட்லாக் இருக்கு, காலனி நாடுகள்ல எடுத்த 6,000-க்கு மேல படத்தோட விவரம், ஒவ்வொண்ணுலயும் எந்த ஷாட்ல என்ன வருதுன்னு பலதுக்கு எழுதியே வச்சிருக்காங்க. கேம்பிரிட்ஜ்ல தெற்காசிய ஆய்வு மையத்துல இங்க வேலை பார்த்த வெள்ளைக்காரங்க வீட்டுப்படமா எடுத்தது நிறைய இருக்கு. தொரைமாருங்க பிக்னிக் போனதை எடுத்திருப்பாங்க, பின்னாடி ஓரமா நம்ம ஊரு தெரியும். எனக்கு அந்த ஓரம்தான் வேணும்.

கேள்வி: தென்னிந்தியாவோட முதல் படம் "கீசக வதம்" கிளிப்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?
- எஸ்., விழுப்புரம்

பதில்: வராது. நடராஜ முதலியார் எடுத்த அந்தப் படத்துல ஒரு துண்டு கூட மிஞ்சல. முதல் தமிழ்ப் பேசும்படம்னு சொல்ற "காளிதாஸ்" கூட இல்ல. தெற்குல மௌனப்படம்னு உருப்படியா மிஞ்சினது 1933-ல வந்த "மார்த்தாண்ட வர்மா", அதுவும் நாவலைப் பதிப்பிச்சவங்க கேஸ் போட்டு படத்தை முடக்கினதால பெட்டிலயே கிடந்து, 1974-ல புனேல இருக்கற தேசிய ஃபிலிம் ஆர்கைவ் கைக்கு வந்துச்சு. தடை பண்ணினதால தப்பிச்ச படம். நல்லா ஓடியிருந்தா தேஞ்சே போயிருக்கும்.

கேள்வி: பர்மாவுலேருந்து வந்த தாத்தாவோட டிரங்க் பெட்டியில ஒரு சின்ன பிலிம் சுருள் இருக்கு. திறந்தா புளிச்ச வாடை. எந்த வருஷம்னு தெரிஞ்சுக்க முடியுமா? ப்ரொஜெக்டர்ல ஓட்டிப் பார்க்கலாமா?
- எம்., புதுக்கோட்டை

பதில்: ஓட்டாதீங்க! புளிச்ச வாடைன்னா அது அசிடேட் பிலிம், வினிகர் ஆகிக்கிட்டு இருக்கு, சுருங்கியிருக்கும், பல்சக்கரத்துல மாட்டினா ஓட்டை ஓட்டையா கிழிஞ்சுடும். அகலத்தை ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. 16 மில்லிமீட்டர்னா தீப்பிடிக்குமோன்னு பயப்பட வேண்டாம், அது 1923-ல வந்ததுலேருந்தே பாதுகாப்பு பிலிம்தான். 35-ஆ இருந்து 1950-க்கு முந்தினதுன்னா நைட்ரேட்டா இருக்கலாம், அது தண்ணிக்குள்ள கூட எரியும், 2003-ல புனேல நைட்ரேட் ரீல் வச்சிருந்த இடத்துல தீப்பிடிச்சு நம்ம ஆளுங்க இழந்ததை நினைச்சா இன்னும் ஆறல.

வருஷம் தெரியணும்னா காட்டன் கையுறை போட்டுக்கிட்டு முதல் ரெண்டடியை மட்டும் பிரிச்சு ஓரத்தை வெளிச்சத்துல லென்ஸ் வச்சுப் பாருங்க. கோடக்னு எழுதி பக்கத்துல குட்டியா வட்டம், சதுரம், முக்கோணம்னு ஏதாவது இருக்கும். கோலப்புள்ளி மாதிரி அது ஒரு சங்கேதம். அமெரிக்காவுல செஞ்ச பிலிம்ல ஒத்தை வட்டம்னா 1936, இல்ல 1956, இல்ல 1976, இருபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். மூணுல எதுன்னு உங்க பாட்டியோட ஜாக்கெட் கையே சொல்லிடும். ஆனா அது பிலிம் செஞ்ச வருஷம்தான், எடுத்த வருஷம் இல்ல, வாங்கி வருஷக்கணக்கா வச்சிருந்து எடுத்திருக்கலாம். காப்பி பிரிண்டா இருந்தா ஒரிஜினலோட குறியும் சேர்ந்து பதிஞ்சு ரெண்டு குறி இருக்கும், அப்ப ரெண்டையும் எழுதி வைங்க. பெட்டியை வெயில் படாத, காத்தோட்டமான இடத்துல வச்சுட்டு, புனே ஃபிலிம் ஆர்கைவுக்கோ மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ ஒரு மெயில் போடுங்க. பர்மா காட்சி அதுல இருந்துச்சுன்னா எனக்கும் ஒரு வரி எழுதுங்க, புண்ணியமாப் போகும்.

கேள்வி: பழைய காட்சியை ஏஐ வச்சு கலர் பண்ணி தெளிவாக்கிப் போடறாங்களே, உங்களுக்குப் பிடிக்குமா?
- ஜெ., ஈரோடு

பதில்: பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் பொழப்புல மண்ணு. கீறலையும் தூசியையும் வழிச்சு எடுத்துடுது, இல்லாத ஃப்ரேமை நடுவுல நுழைச்சு வேகத்தை மாத்திடுது, தூரத்துல இருக்கற கடை போர்டுல எழுத்தை "சரி" பண்றேன்னு எந்த மொழியும் இல்லாத எழுத்து ஒண்ணை எழுதி வச்சிடுது. நான் எதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு மேல ஏறுவேனோ அத்தனையும் போயிடுது.

கேள்வி: உங்களால கண்டுபிடிக்கவே முடியாத கிளிப் ஏதாவது இருக்கா சார்?
- டி.எஸ்., நாகப்பட்டினம்

பதில்: ஒரு ஃபோல்டரே இருக்கு, பேரு "தெரியாதது". அதுல முதல்ல இருக்கறது ஏழு செகண்ட். ஒரு பழைய டேப்புல வேற ஏதோ நிகழ்ச்சிக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு வந்தது. கடற்கரை, ஒரு அம்மா மணல்ல கருவாடு பரப்பிக்கிட்டு இருக்காங்க, ஒரு நாய் கிட்ட வருது, அவங்க தலையைத் தூக்காமலே கையில இருந்த ஓலையால அதை விரட்டறாங்க. பின்னாடி ரெண்டு கட்டுமரம் சாத்தி வச்சிருக்கு. கரையோரமா ரெண்டு கோபுரம் வச்ச ஒரு சர்ச் மங்கலா தெரியுது, இடது கோபுரம் மட்டும் கொஞ்சம் குட்டை. நிழல் கடலைப் பார்த்து விழுது, கடல் கிழக்குல இருக்குன்னா சாயங்காலம். ஓரத்துல எழுத்து எதுவும் இல்ல. ஃபிளிப் ஆகியிருந்தா வலது கோபுரம்தான் குட்டை. நீங்க நாகப்பட்டினம்ங்கறதால கேட்கறேன், அந்தப் பக்கம் அப்படி ஒரு சர்ச் ஞாபகம் வருதா? ஃப்ரேமை உங்க மெயிலுக்கு அனுப்பியிருக்கேன், வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா காட்டுங்க.